ஐந்து பழுது தெரிந்த காரா, ஒரு பழுது புரியாத காரா?

ஒரே மாடல், ஒரே வருஷம், ஏறக்குறைய ஒரே தூரம் ஓடிய மூன்று பழைய கார்கள் உங்கள் பார்வைக்கு வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் காரில் நான்கு டயரும் தேய்ந்துபோயிருக்கின்றன. பிரேக் பேடு முடியும் நிலை. பேட்டரி பழசு. முன்பக்க ஷாக் அப்சார்பர் ஒன்றில் எண்ணெய் கசிந்து அழுக்குப் படிந்திருக்கிறது. வலதுபக்கக் கதவில் ஒரு நெளிவு. இரண்டாவது கார் பளபளவென்று நிற்கிறது. சீட்டில் ஒரு கறைகூட இல்லை. கூலண்ட் (எஞ்சின் சூட்டைத் தணிக்கும் திரவம்) டப்பாவில் மட்டும் அளவு குறைந்திருக்கிறது. "ரொம்ப நாளா பார்க்கலைங்க, கொஞ்சம் ஊத்திக்கிட்டா போதும்" என்கிறார் விற்பவர். மூன்றாவது காரில் எஞ்சின் வேலை இப்போதுதான் முடிந்ததாம். அதனால் விலை சற்றுக் கூடுதல்.

வாங்க வருகிறவர்களில் பலர் முதல் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மனசு மற்ற இரண்டுக்கும் நடுவில்தான் ஊசலாடும். நான் முதல் காரிலிருந்து தொடங்கச் சொல்வேன். மற்ற இரண்டும் மோசமான கார்கள் என்பதால் அல்ல. முதல் காரைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்பதை நாலு இடத்தில் விசாரித்து இன்று மாலைக்குள் எழுதிவிடலாம். மற்ற இரண்டுக்கும் அப்படி எழுத முடியாது.

சில வருஷங்களுக்கு முன்னால் நான் இரண்டாவது மாதிரியான ஒரு காரைத்தான் வாங்கினேன். கூலண்ட் குறைந்திருந்ததைப் பார்த்தேன், விற்பவர் சொன்ன காரணத்தை நம்பினேன், ஊற்றி நிரப்பிக்கொண்டேன். மூன்றாவது மாதம் ஒரு நீண்ட மேட்டில் ஏறும்போது சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் வளைந்திருந்தது, அதற்கு அடியில் கசிவை அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டும் போயிருந்தது. ஹெட்டைக் கழற்றி, மெஷின் ஷாப்பில் தளம் சீவி, மறுபடி மாட்டி முடிப்பதற்குள் கார் வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கு செலவாகிவிட்டது. அதே வாரத்தில் நான் பார்த்து வேண்டாம் என்று விட்டுவந்த இன்னொரு காருக்கு டயரும் பிரேக் பேடும் பேட்டரியும் போட்டிருந்தால் அதில் பாதிகூட ஆகியிருக்காது. அந்த இரண்டு கார்களையும் அன்று எப்படி ஒப்பிட்டிருக்க வேண்டும் என்று யோசித்து யோசித்துத்தான் இப்போது சொல்லப்போகிற முறைக்கு வந்தேன்.

எத்தனை பழுது என்பதைவிட, எதுவரை போகும் என்பது

பழைய கார் பார்க்கப் போனால் குறைகளை எண்ணுவது இயல்பு. ஆனால் ஐந்து குறை இருக்கும் கார் ஒரு குறை இருக்கும் காரைவிட மோசம் என்று அந்த எண்ணிக்கை சொல்வதில்லை. ஒவ்வொரு குறைக்கும் குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று இரண்டு தொகை எழுதிப் பாருங்கள். டயருக்கு இரண்டு தொகையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிராண்டைப் பொறுத்துக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். பிரேக் பேடு, பேட்டரி, வைப்பர், ஷாக் அப்சார்பர் எல்லாம் இந்த வகை. இவை தேய்வதற்கென்றே செய்த பாகங்கள். புதிதாக மாட்டினால் அந்த விஷயம் அதோடு முடிந்தது.

கூலண்ட் குறைவுக்கு இதே கணக்கைப் போடுங்கள். ஒரு ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருந்தால் செலவே இல்லை. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் போயிருந்தால் சின்னச் செலவு. ரேடியேட்டரோ வாட்டர் பம்போ கசிந்தால் நடுத்தரம். டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் கசிந்தால் பாகம் மலிவு, ஆனால் டாஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும். ஹெட் கேஸ்கெட் என்றால் எஞ்சினைத் திறக்க வேண்டும். சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு என்றால் அதற்கும் மேல். ஒரே அறிகுறிக்குப் பின்னால் நூறு மடங்கு வித்தியாசமுள்ள செலவுகள் ஒளிந்திருக்கின்றன. எது என்று கண்டுபிடிக்காமல் வாங்கினால், அந்த அதிகபட்சத் தொகைக்குச் சேர்த்தே நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

முதல் கார்: தேய்ந்த பாகங்கள்

தேய்ந்த டயர் பயப்பட வேண்டிய விஷயமில்லை என்றேன். ஆனால் அது எப்படித் தேய்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தே ஆகவேண்டும். புது டயரின் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். பல நாடுகளில் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர்தான் கடைசி எல்லை. அந்த எல்லையைக் காட்டும் சின்ன மேடுகள் பள்ளத்துக்குள்ளேயே வார்த்திருக்கும். அகலம் முழுக்கச் சமமாகத் தேய்ந்திருந்தால் அது வயசு, அவ்வளவுதான். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது. அது சாதாரண அட்ஜஸ்ட்மென்டாக இருக்கலாம். சக்கரத்தைத் தாங்கும் புஷ், பால் ஜாயின்ட் போனதாக இருக்கலாம். எப்போதோ எதிலோ மோதி அடிச்சட்டம் கோணியதாகவும் இருக்கலாம். அலைன்மென்ட் மெஷினில் ஏற்றி, அளவுகளைச் சரியான எல்லைக்குள் கொண்டுவர முடிகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். முடியவில்லை என்றால் அந்த டயர், தொகை எழுதி முடித்துவிடக்கூடிய வெறும் தேய்மானம் இல்லை.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். டிஓடி (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் அதுதான். 2319 என்றிருந்தால் 2019ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம். பள்ளம் நன்றாக இருந்தாலும் பத்து வருஷத்தை நெருங்கிய டயரை நான் செலவுப் பட்டியலில் சேர்த்துவிடுவேன். வயசான ரப்பர் இறுகி, பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு விடும். தேதியைக் காரின் வயசோடு ஒப்பிடுவதும் உதவும். மிகக் குறைந்த கிலோமீட்டர் காட்டும் கார் ஏற்கெனவே மூன்றாவது செட் டயரில் நிற்கிறது என்றால் அந்த மீட்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

பிரேக்கில் பேடு மட்டும் போதாது, டிஸ்க்கின் விளிம்பில் விரலால் தடவி மேடு எவ்வளவு என்று பாருங்கள். மேடு நன்றாகத் தட்டுப்பட்டால் டிஸ்க்கும் சேர்ந்துதான் மாற்றவேண்டும். வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினாலும் அதேதான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான பழக்கம். மாற்றிய ரசீது இல்லாவிட்டால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சின்னத் தொகைதான். ஷாக் அப்சார்பர் ஒன்று கசிந்தாலும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். பேட்டரி நன்றாகச் சார்ஜ் ஆகியிருந்தால் எஞ்சின் நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்டும். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை. ஓடும்போதும் ஏறவில்லை என்றால் பேட்டரியை விட்டு, அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பக்கம் பாருங்கள்.

கண்ணுக்கே தெரியாத ஒரு தேய்மானம் டைமிங் பெல்ட், அதாவது எஞ்சினுக்குள் வால்வும் பிஸ்டனும் ஒரே தாளத்தில் இயங்கவைக்கும் பெல்ட். இதைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். பெல்ட் உள்ள எஞ்சினா, செயின் உள்ள எஞ்சினா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால் அதற்குத் தயாரிப்பாளர் சொன்ன கிலோமீட்டர் எல்லையும் வருஷ எல்லையும் உண்டு. எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். எஞ்சின் அந்த நொடியே வீண். "மாத்தியாச்சு" என்ற வாய்வார்த்தை இங்கே செல்லாது. தேதியும் கிலோமீட்டரும் போட்ட ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, வாட்டர் பம்போடு சேர்த்து முழுச் செலவையும் எழுதுங்கள். பல எஞ்சின்களில் பம்பை எட்டுவதற்கும் இதே பாகங்களைத்தான் கழற்ற வேண்டும் என்பதால் ஒரே கூலியில் இரண்டும் முடியும்.

கிளட்ச் கொஞ்சம் நடுத்தரம். மேல் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். எஞ்சின் சத்தம் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கியர்பாக்ஸை இறக்கித்தான் மாற்றமுடியும் என்பதால் கூலி அதிகம், ஆனால் தொகை தெரிந்துவிடும். பல டீசல் கார்களிலும் சில பெட்ரோல் கார்களிலும் கிளட்ச்சோடு சேர்ந்து, எஞ்சின் அதிர்வைத் தணிக்க இருக்கும் டூயல் மாஸ் ஃபிளைவீலும் போயிருந்தால் செலவு கணிசமாகக் கூடும். அதிகபட்சத் தொகையில் அதையும் சேர்த்துவிடுங்கள்.

ஆக, முதல் காரின் பட்டியல் நீளமாக இருந்தாலும் கூட்டினால் ஒரு எண் வரும். அந்த எண்ணை விலையோடு சேர்த்துப் பாருங்கள். அதுதான் அந்தக் காரின் உண்மையான விலை.

இரண்டாவது கார்: காரணம் தெரியாத அறிகுறி

இங்கேதான் பொறுமை வேண்டும். பளபளப்பான காரில் ஒரு சின்ன அறிகுறியைப் பார்க்கும்போது நம் மனசே அதற்குச் சமாதானம் சொல்லிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது.

காரைப் பார்க்கப் போவதற்கு முன் விற்பவரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பானெட்டில் கைவைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். குளிர்ந்த எஞ்சின் மறைக்காமல் பேசும். செயின் தளர்ந்திருந்தால் முதல் சில விநாடி கடகடவென்று சத்தம் கேட்கும். வால்வ் சீல் போயிருந்தால் ஸ்டார்ட் ஆனதும் ஒரு நீலப் புகை வந்து மறையும். ஓடும்போது, வேகம் கூட்டும்போதெல்லாம் நீலம் தொடர்ந்தால் பிஸ்டன் ரிங் வரை யோசிக்கவேண்டும். டர்போ இருக்கும் எஞ்சினில் அதுவும் காரணமாக இருக்கலாம். குளிர் வேளையில் வரும் வெள்ளை ஆவி சகஜம், எஞ்சின் சூடானதும் நின்றுவிடும். நிற்காமல் தடித்த வெள்ளைப் புகையாக, இனிப்பு வாசனையோடு வந்தால் கூலண்ட் சிலிண்டருக்குள் போகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் முழுதாக எரியவில்லை. ஏர் ஃபில்டர் அடைப்பிலிருந்து இன்ஜெக்டர் வரை எதுவாகவும் இருக்கலாம்.

ஆயில் மூடியைத் திறந்து பார்த்தால் பால்கலந்த மாதிரி பசை இருக்கிறதா? இதில் ஒரு நுணுக்கம் உண்டு. குளிர்ப் பகுதியில், சின்னச் சின்னத் தூரம் மட்டுமே ஓட்டிய காரில் வெறும் ஈரத்தினாலேயே மூடிக்கு அடியில் இந்தப் பசை படியும். மூடியில் மட்டும் இருந்து டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தால் உடனே பயந்துவிடவேண்டாம். டிப் ஸ்டிக்கிலேயே ஆயில் வெளுத்திருந்தால் அது வேறு கதை.

கூலண்ட் சந்தேகத்தைத் தீர்க்கச் சோதனைகள் இருக்கின்றன. கூலிங் சிஸ்டத்தில் பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி, அது இறங்குகிறதா என்று பார்ப்பது ஒன்று. ரேடியேட்டர் வாய்க்கு மேலே ஒரு ரசாயனத் திரவத்தை வைத்து, அங்கிருந்து வரும் காற்றை அதன் வழியே இழுப்பது இன்னொன்று. எரிந்த வாயு கூலண்டில் கலந்திருந்தால், பெட்ரோல் எஞ்சினுக்கான நீலத் திரவம் மஞ்சளாக மாறிவிடும். கம்ப்ரஷன் சோதனையில் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தமும் தனித்தனியே தெரியும். அவற்றுக்குள் பொதுவாக 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. இவை எதற்கும் எஞ்சினைத் திறக்க வேண்டியதில்லை. ஆகும் செலவு ஒரு டயர் விலையைக்கூட எட்டாது. நான் அன்று இதில் ஒன்றைச் செய்திருந்தால் போதும்.

கூலண்ட் மாதிரியே பின்னால் பெரிய பள்ளம் வைத்திருக்கும் அறிகுறிகளில் என்னை அதிகம் பயமுறுத்துவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். டி-யிலிருந்து (முன்னே) ஆர்-க்கு (பின்னே) மாற்றும்போது ஒரு விநாடி யோசிக்கிறதா, உதைக்கிறதா, ஓடும்போது வழுக்குகிறதா, சீரான வேகத்தில் லேசாக நடுங்குகிறதா? ஆயில் மாற்றினாலே சரியாகிவிடும் கேஸும் இருக்கிறது, முழு கியர்பாக்ஸும் போன கேஸும் இருக்கிறது. இரண்டுக்கும் ஆரம்ப அறிகுறி ஒன்றுபோலவே இருக்கும். "இதுக்கு ஆயுசுக்கும் ஆயில் மாத்தவே வேண்டாம்" என்று சொல்வார்கள். கியர்பாக்ஸ் தயாரிக்கும் ஜெர்மானிய நிறுவனமான இசட்எஃப் தன்னுடைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. மாற்றிய ரசீது இருக்கும் காருக்கு நான் கொஞ்சம் கூடுதல் விலையே கொடுப்பேன்.

துருவில் இடம்தான் முக்கியம். சைலன்சரிலும் கதவின் அடி ஓரத்திலும் இருந்தால் அது பார்வைக் குறை. சேஸிஸ் ரயில் (வண்டியைத் தாங்கும் நீளச் சட்டம்), கதவுக்குக் கீழே ஓடும் சட்டம், சஸ்பென்ஷன் மேலே வந்து மாட்டும் இடம், இங்கெல்லாம் இருந்தால் வண்டியின் எலும்பே அரிக்கிறது. வெட்டி வெல்டிங் வைக்க ஆரம்பித்தால்தான் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்றே தெரியும்.

வெள்ளத்தில் மூழ்கிய காரைப் பொறுத்தவரை நான் பேரம்கூடப் பேசமாட்டேன். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், தண்ணீர்க் கோடு இருக்கும். சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மெல்லிய வண்டல், தரைவிரிப்பில் போகாத முடை நாற்றம். கம்பி இணைப்புகளுக்குள் தொடங்கிய அரிப்பு ஆறு மாதம் கழித்து எந்த சென்சாரில் வெளிப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு அதிகபட்சத் தொகை என்று எதையும் எழுத முடியாது.

ஏசி ஒன்றுதான் என்னால் வகைப்படுத்த முடியாதது. "கேஸ் மட்டும் ஏத்தணும்" என்பார்கள். அடைத்த சிஸ்டத்திலிருந்து கேஸ் அவ்வளவு வேகமாகக் குறையாது. நன்றாகக் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவு ஒரு ஓ-ரிங்கில் இருக்கலாம், டாஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்பரேட்டரிலும் இருக்கலாம். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எந்த கேஸ் என்று பாருங்கள். புதிய கார்களில் வரும் ஆர்1234ஒய்எஃப், பழைய ஆர்134ஏ-வைவிட விலை அதிகம்.

மூன்றாவது கார்: "இப்பதான் செஞ்சது"

இந்தக் காரை நான் ஒரேயடியாக ஒதுக்குவதில்லை. நல்ல இடத்தில் எஞ்சின் வேலை செய்து, ஒரு வருஷம் ஓட்டிவிட்டு, வேறு காரணத்துக்காக விற்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட கார் மூன்றிலும் சிறந்ததாக இருக்கும். ஆனால் வேலை முடிந்து இரண்டு வாரத்தில் விற்பனைக்கு வந்தால், விற்பதற்காகவே செய்த வேலையா என்று கேட்டே ஆகவேண்டும். விற்பதற்காகச் செய்யும் வேலையில் பழுது மறைந்தால் போதும், தீர வேண்டியதில்லை.

கேட்க வேண்டியது ரசீது. மொத்தத் தொகை எழுதிய ஒரு துண்டுச் சீட்டு எதையும் சொல்லாது. என்னென்ன பாகம் வாங்கினார்கள், எங்கே மெஷின் வேலை நடந்தது, அப்போது கிலோமீட்டர் எவ்வளவு என்பது வேண்டும். அதோடு, ஏன் செய்தார்கள் என்பதும். எஞ்சின் சூடாகிப் போனதால் ஹெட் வேலை செய்தார்கள் என்றால், சூடாகக் காரணமான ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்பு, தெர்மோஸ்டாட் ஆகியவற்றுக்கும் ரசீது இருக்கவேண்டும். விளைவைச் சரிசெய்து காரணத்தை விட்டிருந்தால் அதே பழுது உங்கள் கையில் திரும்பவரும். காரணத்தைக் கேட்டால் விற்பவர் தெளிவாகச் சொல்கிறாரா, மழுப்புகிறாரா என்பதே பாதி பதில்.

இந்த மாதிரிக் காரில், காரின் கணினியிலுள்ள பழுதுப் பதிவுகளைப் படிக்கும் ஸ்கேனர் மிகவும் உதவும். அதைச் செருகும் ஓபிடி-2 இணைப்பு அமெரிக்காவில் 1996 மாடல்களிலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் டீசலுக்கு 2004 முதலும் கட்டாயமானது. கோடு (பழுதுக் குறியீடு) எதுவும் இல்லை என்று ஸ்கேனர் காட்டினால் உடனே நிம்மதி அடைந்துவிடாதீர்கள். யாராவது நேற்று அழித்திருக்கலாம். அழித்தால் காரின் சுயசோதனைகளும் பூஜ்யத்துக்குப் போய்விடும். ஸ்கேனரில் ரெடினஸ் பக்கத்தைத் திறந்தால் அவை முடியவில்லை என்று காட்டும். மறுபடி முடியப் பல தடவை, பல விதமாக ஓடவேண்டும். கோடு அழித்தபின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையே பல கார்கள் காட்டிவிடும். அந்த எண் இருபது முப்பதுக்குள் இருந்தால் காரணம் கேளுங்கள். எச்சரிக்கை விளக்குகளையும் கவனியுங்கள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் விளக்கும் ஏர்பேக் விளக்கும் எரிந்து, எஞ்சின் ஸ்டார்ட் ஆனபின் அணைந்திருக்கவேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கையே யாரோ பிடுங்கியிருக்கலாம்.

புது பெயிண்ட் அடித்த காருக்கும் இதே கேள்விதான். தொழிற்சாலைப் பெயிண்ட் பெரும்பாலும் 80 முதல் 180 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் இருக்கும். தடிமன் அளக்கும் கேஜ் வைக்கும்போது ஒரு கதவில் மட்டும் 300 வந்தால் மறுபடி அடித்திருக்கிறார்கள். ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் பட்டி போட்டுத் தட்டியிருக்கிறார்கள். கதவிலும் பம்பரை ஒட்டிய இடத்திலும் டிங்கரிங் நடந்திருந்தால் பரவாயில்லை. தூணிலும் கூரையிலும் சேஸிஸ் முனையிலும் நடந்திருந்தால் அந்தக் கார் வேண்டாம்.

யார் பார்ப்பது?

நீங்களே பார்ப்பது, ஸ்கேனர் வைத்துப் பார்ப்பது, மெக்கானிக்கை வைத்துப் பார்ப்பது, பணம் வாங்கிக்கொண்டு அறிக்கை தரும் பரிசோதனை சேவை. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வரிசையாகப் பயன்படுத்துவதுதான் சரி. உங்கள் கண்ணும் காதும் பத்துக் காரில் ஏழு காரை இலவசமாகக் கழித்துவிடும். ஸ்கேனர் இன்னும் ஒன்றைக் கழிக்கும். மீதி இருப்பதற்கு மட்டும் மெக்கானிக்கிற்குப் பணம் கொடுங்கள்.

பரிசோதனை சேவையின் அறிக்கை அழகாக இருக்கும், நூற்றுக்கணக்கான கட்டங்களில் பச்சை டிக் இருக்கும். ஆனால் அது அன்றைய நிலையைச் சொல்கிறதே தவிர அடுத்த வருஷத்தைச் சொல்வதில்லை. அந்த மாடலிலேயே தினமும் கைவைக்கும் ஒரு மெக்கானிக்குக்கு, இந்த எஞ்சினில் எது எப்போது போகும் என்று தெரியும். என் வாக்கு அவருக்குத்தான். விற்பவர் காட்டும் மெக்கானிக்காக அவர் இருக்கக்கூடாது. காரை லிஃப்ட்டில் ஏற்றி அடியில் பார்க்கும் வசதி அவரிடம் இருக்கவேண்டும். கேட்கும் கேள்வியையும் மாற்றுங்கள். "நல்லா இருக்கா அண்ணே?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்ற பதில் வரும். "அடுத்த ஒரு வருஷத்துல இதுக்கு என்னென்ன செலவு வரும், எழுதித் தாங்க" என்று கேட்டால் பட்டியல் வரும். வாங்க வேண்டாம் என்று அவர் சொன்னாலும் பேசிய பணத்தை முழுதாகக் கொடுங்கள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அந்தப் பணம்.

இன்னொன்றும் பாருங்கள், இதற்குச் செலவே இல்லை. காரின் சேஸிஸ் எண்ணை வைத்து, தயாரிப்பாளர் திரும்ப அழைத்துச் செய்துகொடுக்க வேண்டிய வேலை பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். ஜப்பானிய நிறுவனமான தகாதாவின் ஏர்பேக் இன்ஃப்ளேட்டர் (ஏர்பேக்கை ஊதவைக்கும் பாகம்) பிரச்சினையில் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கார்கள் இப்படித் திரும்ப அழைக்கப்பட்டன. 2017இல் அந்த நிறுவனமே திவாலானது. இன்னும் மாற்றாமல் ஓடும் கார்கள் இருக்கின்றன. பொதுவாக இந்த வேலையைத் தயாரிப்பாளர் இலவசமாகச் செய்துகொடுப்பார், ஆனால் செய்யாமல் ஓட்டுவது உயிருக்கு ஆபத்து.

மின்சாரக் காராக இருந்தால் மேலே சொன்னதில் பாதி தேவைப்படாது. அதற்குப் பதில் கேள்வி ஒன்றுதான்: பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதம் மிச்சம். பல தயாரிப்பாளர்கள் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறார்கள். அது இன்னும் எவ்வளவு பாக்கி, உரிமையாளர் மாறினாலும் தொடருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழுது தெரிந்தபின்: விற்பவர் சரிசெய்து தருவதா, விலையைக் குறைப்பதா?

"எல்லாத்தையும் நானே செஞ்சு தரேன்" என்று விற்பவர் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். தேய்ந்த பாகங்களைப் பொறுத்தவரை நான் அதற்கு ஒப்புக்கொள்வதில்லை. விற்கப்போகிற காருக்கு யாரும் நல்ல டயர் போடமாட்டார்கள். பட்டியலைக் காட்டி, கடையில் கேட்ட விலையைக் காட்டி, அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லுங்கள். முழுதாகக் குறையாது. டயர் பாதி தேய்ந்திருப்பதை வைத்துத்தானே அவரும் விலை சொல்லியிருப்பார். பாதிக்கு மேல் குறைந்தால் அது நியாயமான பேரம். அப்புறம் உங்களுக்குப் பிடித்த பாகத்தை உங்கள் மெக்கானிக்கிடம் போட்டுக்கொள்ளலாம்.

காரணம் தெரியாத பழுதுக்கு இது பொருந்தாது. கூலண்ட் குறையும் காருக்கு விற்பவர் விலையைக் குறைத்தால் அது தள்ளுபடி மாதிரி தெரியும். எவ்வளவு குறைத்தால் சரி என்று இருவருக்குமே தெரியாத இடத்தில், ரிஸ்க் முழுவதும் உங்கள் பக்கம் வந்துவிடுகிறது. இங்கே பழுதைக் கண்டுபிடிக்கும் செலவை நான் ஏற்கிறேன், உங்கள் சம்மதம் மட்டும் வேண்டும் என்று கேளுங்கள். நான் தேர்ந்தெடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் ஒரு நாள் விட்டுச் சோதிக்கலாம். காரணம் தெரிந்தால் அந்தப் பழுதும் தொகையோடு பட்டியலுக்குள் வந்துவிடும், பேசலாம். சம்மதிக்காவிட்டால் கிளம்பிவிடலாம்.

பட்டியலை நான் ஒரு நோட்டில் மூன்றாகப் பிரித்து எழுதுவேன்: ஓட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டியது, ஆறு மாதத்துக்குள், முடிந்தபோது. பிரேக், டயர், ஸ்டியரிங், விளக்கு முதல் பகுதியில். டைமிங் பெல்ட்டும் அங்கேதான். கதவு நெளிவு கடைசியில், அதை நான் செய்யாமலேகூட விட்டுவிடுவேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த இரண்டு தொகை. கார்களை ஒப்பிடும்போது விலையோடு அதிகபட்சத் தொகைகளைத்தான் கூட்டுவேன். குறைந்தபட்சத்துக்கும் அதிகபட்சத்துக்கும் உள்ள மொத்த இடைவெளி காரின் விலையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், இன்னும் எதையோ கண்டுபிடிக்காமல் வைத்திருக்கிறேன் என்று அர்த்தம். இந்தப் பத்தில் ஒரு பங்கு என் அனுபவத்தில் வந்த அளவு. கையில் பணம் இறுக்கமாக இருப்பவர்கள் இதைவிடக் குறைவாக வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த கார் வாங்கும்போது இப்படித்தான் செய்தேன். இரண்டு கார்கள் இறுதிக்கு வந்தன. சுத்தமாக இருந்த காரின் உரிமையாளர் கம்ப்ரஷன் சோதனைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. இன்னொன்றின் உரிமையாளர், வயசான ஒரு பெண்மணி, "நாள் முழுக்க வேணும்னாலும் வச்சுப் பாருங்க தம்பி" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். மெக்கானிக் ஏழு வேலை எழுதினார். டயர், முன் பிரேக், டைமிங் பெல்ட், வாட்டர் பம்பு, பேட்டரி, ஒரு வீல் பேரிங், பின் ஷாக் இரண்டும். அந்தப் பட்டியலை அப்படியே அந்தப் பெண்மணியிடம் காட்டினேன், முக்கால்வாசித் தொகையைக் குறைத்துக்கொண்டார். பத்து நாளில் ஏழும் முடிந்தன. இப்போது மூன்று வருஷமாகிறது. அந்தப் பட்டியலில் இல்லாமல் இதுவரை வந்த பழுது ஒன்றே ஒன்று, பின்கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார்.